காட்டுக்கு எத்தனை விருந்தினர்?

ஊருணி ஊருக்கெல்லாம் பொது. அதில் நீர் மொள்ள வருகிறவரைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் வருகிறவர் தொகை பெருகப் பெருகக் கரை சரிகிறது, படி தேய்கிறது, நீர் கலங்குகிறது. ஊருணியைக் கெடுக்க வேண்டும் என்று எண்ணி வந்தவர் ஒருவருமில்லை. ஒவ்வொருவரும் ஒரு குடம் நீருக்காகவே வந்தார். எனினும் ஊருணி கெட்டுவிட்டது. பொதுச் சொத்து எதற்கும் இந்தச் சங்கடம் உண்டு.

மாணவ நண்பர்களே, நான் இன்று பேச எடுத்துக்கொண்டது குடிமக்கள் அனைவருக்கும் சொந்தமாக அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கும் காடுகளையும் மலைகளையும் ஆறுகளையும் பற்றி. ஓய்வுக்காகவும் உல்லாசத்துக்காகவும் மக்கள் அங்கே செல்கிறார்கள். அவ்வாறு செல்வதால் நிலத்துக்கு என்ன நேர்கிறது, சென்றவர்க்கு என்ன கிடைக்கிறது, எத்தனை பேர் சென்றால் போதும் என்பனவற்றை விஞ்ஞான முறையில் ஆராயும் துறை ஒன்று இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. அத்துறை பெரிதும் செழித்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடு. ஆகவே அந்நாட்டின் அனுபவத்தையே முக்கியமாக எடுத்துச் சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் மத்திய அரசாங்கத்தின் கையில் உள்ள பொது நிலம் ஏறத்தாழ 64 கோடி ஏக்கர். அந்நாட்டின் மொத்த நிலப்பரப்பில் இது கால் பங்குக்குச் சற்று மேல். அதில் ஒரு பகுதியைத் தேசியப் பூங்கா என ஒதுக்கும் வழக்கம் 1872-ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வாண்டு மார்ச்சு முதல் தேதி, எல்லோஸ்டோன் என்னும் 20 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட மலைநாட்டை மக்களின் இன்பத்துக்கென ஒதுக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்திட்டார். ஷோஷோனி முதலிய பழங்குடியினர் பல தலைமுறைகளாக வேட்டையாடியும் வாழ்ந்தும் வந்த நிலம் அது என்பதை நாம் மறக்கலாகாது. யாவர்க்கும் பொது என்று அறிவிக்கப்பட்ட நிலத்திலிருந்து, அதற்கு முன்பே அங்கிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பொது நிலம் என்றால் யாருக்குப் பொது என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

1916-ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா இலாகா நிறுவப்பட்டது. அதை நிறுவிய சட்டம் அந்த இலாகாவுக்கு ஒரே மூச்சில் இரண்டு கட்டளைகளை இட்டது. இயற்கைக் காட்சிகளையும் வனவிலங்குகளையும் காக்க வேண்டும் என்பது ஒன்று. மக்கள் அவற்றைக் கண்டு மகிழ வசதி செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. ஆனால் அந்த மகிழ்ச்சி, பின்வரும் தலைமுறையினருக்கு எதையும் குறைத்துவிடாதபடி அமைய வேண்டும் என்றும் சட்டம் கூறியது. பூங்காக்களுக்குச் சில லட்சம் பேரே வந்துகொண்டிருந்த அந்நாளில் இரண்டு கட்டளைகளும் ஒன்றோடொன்று மோதவில்லை. மோட்டார் வண்டி பெருகிய பிறகே மோதின. 2024-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் பூங்கா இலாகாவின் இடங்களுக்கு 33 கோடிக்கு மேற்பட்ட வருகைகள் பதிவாயின.

மனிதன் காலால் மிதிப்பதே ஒரு காட்டுக்குக் கேடு செய்யக்கூடும் என்பதை ஆராய்ந்து சொன்ன முன்னோடிகளில் ஒருவர் எமிலியோ மைனெக்கி. அவர் தாவர நோய் நிபுணர். கலிபோர்னியா மாகாணத்தில் ரெட்வுட் என்னும் நெடுமரங்கள் இருக்கின்றன. உலகிலேயே மிக உயரமான மரங்கள் அவையே; 300 அடிக்கு மேல் வளரக்கூடியவை. அம்மரங்கள் நிற்கும் பூங்காக்களில் சுற்றுலாக் கூட்டத்தால் விளையும் கேட்டை ஆராய்ந்து, 1928-ஆம் ஆண்டில் மைனெக்கி அறிக்கை ஒன்று தந்தார்.

அவர் விளக்கிய விதம் எளிது. மண் என்பது வெறும் துகள்களின் குவியல் அன்று. துகள்களுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. அவற்றின் வழியே காற்றும் நீரும் உள்ளே இறங்குகின்றன. ஆயிரக்கணக்கான கால்களும் வண்டிச் சக்கரங்களும் மேலே அழுத்தும்போது அந்த இடைவெளிகள் நசுங்கிவிடுகின்றன. மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடுகிறது. வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. ரெட்வுட் மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. அதன் வேர்கள் ஆழமாகச் செல்லாமல் பக்கவாட்டில் வெகுதூரம் படர்பவை. ஆகவே மரத்தைத் தொடாமலே, அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவரும் அதற்குத் துன்பம் செய்கிறார்.

மைனெக்கி நோயைச் சொன்னதோடு நிற்காமல் மருந்தும் சொன்னார். கூடாரமடித்துத் தங்குவோர் தம் வண்டிகளைக் காட்டில் மனம்போல ஓட்டிச் சென்றதே பெருங்கேடு எனக் கண்டார். ஒருவழியாகச் சுற்றிவரும் பாதை அமைத்து, ஒவ்வொரு கூடாரத்துக்கும் வண்டி நிறுத்தத் தனியிடம் ஒதுக்கி, அதைத் தாண்டி வண்டி செல்லாதபடி பாறைகளையும் மரத்துண்டுகளையும் தடுப்பாக வைக்கச் சொன்னார். வருகிறவர்களைக் குறைக்காமலே வரும் கேட்டைக் குறைக்கும் வழி இது. 1930-களில் அமெரிக்கக் காடுகளில் எழுந்த தங்குமிடங்கள் பல இந்தத் திட்டத்தைத் தழுவி அமைந்தன.

அவர் சொன்ன உண்மை இன்றும் மாறவில்லை. 2006-ஆம் ஆண்டில், 380 அடி உயரமுள்ள ரெட்வுட் மரம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஹைப்பீரியன் எனப் பெயர் பெற்ற அம்மரமே உலகில் அறியப்பட்ட மரங்களுள் மிக உயர்ந்தது. அது நிற்கும் இடத்துக்குப் பாதை கிடையாது. இடத்தை வெளியிடவும் இல்லை. ஆயினும் ஆர்வலர்கள் அதைத் தேடிப் புதர்களை மிதித்துச் சென்றார்கள். அடியிலிருந்த பெரணிச் செடிகள் அழிந்தன, மண் இறுகியது. 2022-ஆம் ஆண்டில் அவ்விடத்தை மூடி, மீறுவோர்க்கு 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கக்கூடும் என்று அறிவிக்க நேர்ந்தது. அன்பு மிகுந்ததால் வந்த துன்பம் இது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின் அமெரிக்காவில் ஓய்வு நேரமும் பணமும் வண்டிகளும் பெருகின. பூங்காக்களில் கூட்டம் அலைமோதியது. நாட்டு மக்கள் வெளியில் சென்று மகிழ விரும்புவது எவ்வாறு, அதற்கு நிலம் போதுமா என ஆராய 1958-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை ஒரு கமிஷனை நியமித்தது. லாரன்ஸ் ராக்பெல்லர் அதன் தலைவர். 1962-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியாயிற்று. அதற்குத் துணையாக 27 ஆராய்ச்சித் தொகுதிகளும் வந்தன.

அக்கமிஷன் கண்ட முடிவுகளில் இரண்டு என்னை மிகவும் கவர்ந்தவை. மக்களில் பெரும்பாலோர் விரும்பியவை எளிய பொழுதுபோக்குகளே என்பது ஒன்று. வண்டியில் சென்று காட்சி காண்பது, காலாற நடப்பது, நீந்துவது, மர நிழலில் அமர்ந்து உண்பது ஆகியவையே முன்னின்றன. மலையேற்றம் போன்ற வீரச்செயல்கள் மிகப் பின்னே இருந்தன. மற்றொன்று, பொது நிலம் மிகுதியாக இருப்பது மக்கள் அருகி வாழும் மேற்குப் பகுதியில். அது மிகுதியாகத் தேவைப்படுவதோ பெருநகரங்களின் அருகில் என்பது. நிலம் எத்தனை கோடி ஏக்கர் என்ற கணக்கு மட்டும் போதாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு தொழிலாளியின் குடும்பம் அங்கே சென்று திரும்ப முடியுமா என்பதும் கணக்கில் வர வேண்டும். இதன் பயனாக 1964-ஆம் ஆண்டில், பூங்காக்களுக்கு நிலம் வாங்க நிதி ஒதுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஜனாதிபதி ஜான்சன் அதில் கையெழுத்திட்ட அதே நாளில், மனிதன் குடியேறாத வனாந்தரங்களைக் காக்கும் சட்டத்திலும் கையெழுத்திட்டார்.

இனி, கேள்வியின் நடுப்பகுதிக்கு வருவோம். ஒரு காடு எத்தனை பேரைத் தாங்கும்?

தாங்கும் திறன் என்ற இந்தச் சொல் மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்தது. இத்தனை ஏக்கர் புல்வெளியில் இத்தனை மாடு மேயலாம். அதற்கு மேல் போனால் புல் மீண்டும் தழைக்காது என்று கணக்கிடுவது கால்நடை வளர்ப்போர் அறிந்த முறை. அதே கணக்கை மனிதருக்கும் போடலாம் என்று ஆராய்ச்சியாளர் எண்ணினர். 1964-ஆம் ஆண்டில் ஆலன் வேகர் என்ற வன விஞ்ஞானி இப்பொருள் பற்றி வெளியிட்ட சிறு நூல் பெரிதும் போற்றப்பட்டது. மண்ணையும் செடியையும் மட்டும் ஆராய்ந்தால் விடை கிடைக்காது என்று அவர் கண்டார். மாடு புல்லுக்காக வருகிறது. மனிதன் எதற்காக வருகிறான் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. தனிமையைத் தேடி வருபவனுக்குப் பத்துப் பேரே கூட்டம். தோழர்களோடு கூடிக் களிக்க வருபவனுக்கு நூறு பேரும் குறைவு. ஆகவே தாங்கும் திறன் என்பது நிலத்தில் எழுதி வைக்கப்பட்ட எண் அன்று. அந்நிலம் எதற்காக என்று நாம் வகுத்துக்கொண்ட நோக்கத்தைப் பொறுத்து அது ஏறும், இறங்கும்.

அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி இதற்குச் சான்று தந்தது. மின்னசோட்டா மாகாணத்தின் வட எல்லையில், கனடாவை ஒட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் நிறைந்த காட்டுப் பகுதி ஒன்று உண்டு. அங்கே சிலர் துடுப்பு வலிக்கும் தோணியில் வந்தார்கள். சிலர் மோட்டார்ப் படகில் வந்தார்கள். ராபர்ட் லூக்காஸ் என்ற புவியியல் அறிஞர் இரு சாராரையும் கண்டு பேசினார். மோட்டார்ப் படகில் வந்தவர்களுக்குத் தோணிக்காரரைக் காண்பதில் வருத்தமில்லை. தோணியில் வந்தவர்களுக்கோ மோட்டாரின் ஓசை கேட்டதுமே வனாந்தரம் வனாந்தரமாக இல்லாமற் போயிற்று. எது வரையில் காடு என்று கேட்டபோது, தோணிக்காரர் காட்டிய பரப்பு சிறியது; மோட்டார்க்காரர் காட்டிய பரப்பு பெரியது. நிலம் ஒன்றே, ஆயினும் இருவர் மனத்திலும் இருந்த காடு வேறு.

இதிலே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இரு சாராரில் எவர் துன்புறுகிறாரோ அவரே இடத்தை விட்டு விலகிச் செல்கிறார். சில ஆண்டுகள் கழித்து அங்கே வந்திருப்பவர்களை "உங்களுக்குத் திருப்திதானா?" என்று கேட்டால், பெரும்பாலோர் "திருப்தியே" என்பார்கள். திருப்தி இல்லாதவர்தாம் வரவே இல்லையே! வந்தவரிடம் மட்டும் விசாரித்தால் வராதவரின் குறை நம் காதில் விழாது. இதை உணர்ந்தபின் ஆராய்ச்சியாளர், திருப்தியை மட்டும் அளந்து முடிவு கட்டும் பழக்கத்தைக் கைவிடலாயினர்.

இவ்வாறு மனிதர் மனத்தை ஒரு சாரார் ஆராய, மற்றொரு சாரார் மண்ணையும் செடியையும் மேலும் நுணுகி ஆராய்ந்தனர். கொலராடோ மாகாணத்தில் ராக்கி மலைத்தொடரின் உச்சியில், மரம் வளராத குளிர்ந்த வெளிகள் இருக்கின்றன. அங்கே வளரும் செடிகள் ஒரு சாண் உயரங்கூட இல்லாதவை. கோடை சில வாரங்களே நீடிப்பதால் மெல்ல மெல்ல வளர்பவை. பியாட்ரிஸ் வில்லர்ட் என்ற அம்மையார், பிரயாணிகளால் மிதிபட்ட சில சிறு நிலப்பகுதிகளை 1950-களின் இறுதியில் வேலியிட்டு அடைத்து, ஆண்டுதோறும் எவ்வாறு மீள்கின்றன என்று குறித்து வந்தார். சில கோடைகளில் அழிந்த செடிகள் முழுவதும் மீளப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம் என்பது அவர் கண்ட முடிவு.

டேவிட் கோல் என்ற மற்றோர் அறிஞர், மிதிபடுதலின் விளைவைப் பல இடங்களில் அளந்தார். நாம் ஊரில் காணும் ஒற்றையடிப் பாதையை நினைத்துக்கொண்டால் அவர் முடிவு எளிதில் விளங்கும். புல்தரையில் முதலில் நடக்கும் சிலரே பெரும் சேதத்தை உண்டாக்கிவிடுகிறார்கள். பாதை விழுந்தபின் நடப்பவர் எத்தனை பேரானாலும், கூடுதலாக விளையும் சேதம் சிறிது சிறிதாகவே ஏறுகிறது. அதாவது, நடப்பவர் தொகையைப் பாதியாகக் குறைத்தால் சேதம் பாதியாகக் குறைந்துவிடாது.

இதன் பயன் நடைமுறையில் பெரிது. கூட்டம் மிகுந்த இடத்தில் எல்லோரையும் குறிப்பிட்ட பாதைகளிலும் குறிப்பிட்ட தங்குமிடங்களிலும் நிறுத்துவதே நன்று. கெட்ட இடம் கெட்டபடி இருக்க, மற்ற இடம் பிழைக்கும். ஆள் நடமாட்டம் அரிதான இடத்தில் இதற்கு நேர்மாறான விதி. அங்கே ஒருவர் நடந்த தடத்தில் மற்றவர் நடவாமல் பரந்து செல்ல வேண்டும். ஒருவர் படுத்த இடத்தில் மற்றவர் படுக்கலாகாது. நல்லெண்ணம் மட்டும் கொண்ட அதிகாரி, கூட்டத்தைக் காடெங்கும் பரப்பிவிட்டால் சுமை குறையும் என்று எண்ணியிருப்பார். அவ்வாறு செய்தால், முன்பு கேடுறாத இடங்களும் கெட்டிருக்கும். அளந்து பார்த்ததனால்தான் இது தெரிந்தது.

இந்த அனுபவங்கள் எல்லாம் சேர்ந்து 1985-ஆம் ஆண்டில் ஒரு புதிய முறையைத் தந்தன. ஆராய்ச்சியாளர் ஐவர் அதை வகுத்தனர். ஏற்கத்தகும் மாறுதலின் எல்லைகள் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். மனிதன் சென்றால் மாறுதல் நிகழ்ந்தே தீரும்; எவ்வளவு மாறுதலை நாம் ஏற்போம் என்பதை முதலில் தீர்மானிப்போம் என்பது அம்முறையின் அடிப்படை. ஒரு தங்குமிடத்தில் எத்தனை சதுர அடி மண் வெறுமையாகலாம்? நாளொன்றில் எத்தனை குழுக்களை எதிர்ப்படலாம்? இவ்வாறு கண்ணால் காணவும் கருவியால் அளக்கவும் கூடிய அடையாளங்களை வகுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் அளக்க வேண்டும். எல்லை தாண்டினால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். மான்டானா மாகாணத்தில் உள்ள பாப் மார்ஷல் வனாந்தரத்தில் இது முதலில் கையாளப்பட்டது. அங்கே எல்லைகளை அதிகாரிகள் தனித்து வகுக்கவில்லை. குதிரையில் செல்வோர், நடந்து செல்வோர், வழிகாட்டித் தொழில் செய்வோர் எனப் பலரும் கூடிப் பேசியே வகுத்தனர்.

எல்லையை வகுக்க மக்களின் கருத்தை எப்படி அறிவது? யூட்டா மாகாணத்து ஆர்ச்சஸ் பூங்காவில் 1990-களில் நடந்த ஆராய்ச்சி இதற்கு நல்ல உதாரணம். அங்கே இயற்கையே செதுக்கிய கல் வளைவு ஒன்று புகழ்பெற்றது. ஒரே காட்சியை, ஆளில்லாமலும், சிலர் நிற்பதாகவும், நூறு பேருக்கு மேல் நிற்பதாகவும் பல படங்களாக ஆக்கி, ராபர்ட் மானிங் முதலிய ஆராய்ச்சியாளர் வந்தவர்களிடம் காட்டினர். "எந்தப் படம் வரையில் உங்களுக்குச் சம்மதம்?" என்று கேட்டனர். ஒரே நேரத்தில் ஏறத்தாழ 30 பேர் வரையில் மக்கள் பொறுத்துக்கொண்டனர். அதற்கு மேல் மனம் கசந்தது. அந்த எண்ணையே பூங்கா தன் அளவுகோலாக ஏற்றது. அதற்கேற்ப வண்டி நிறுத்தும் இடத்தின் அளவைத் திட்டமிட்டது.

மக்களின் நடத்தையைத் திருத்துவதிலும் ஆராய்ச்சி உதவியது. நம் நாட்டில் திருவக்கரையில் கல்மரங்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய கல்மரங்கள் அரிசோனா மாகாணத்தில் ஒரு தேசியப் பூங்கா முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. வருகிறவர் ஆளுக்கொரு துண்டு எடுத்துச் செல்வது பெருந்தொல்லை. ராபர்ட் சியால்டினி என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய தோழர்களும், அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையோரம் வைத்து, அறிவிப்புப் பலகைகளை மாற்றி மாற்றிச் சோதித்தனர். பலர் கல்மரத்தை எடுத்துச் சென்று பூங்காவைக் கெடுத்துவிட்டார்கள் என்று வருந்திய பலகையின் கீழ், நூற்றுக்கு ஏறத்தாழ 8 துண்டுகள் களவு போயின. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பலகையின் கீழ் களவு போனவை நூற்றுக்கு 2-க்கும் குறைவு. "பலரும் செய்கிறார்கள்" என்று சொல்லிக் கண்டிப்பது, "நீயும் செய்யலாம்" என்று சொல்வதாக முடிந்துவிட்டது! 2006-ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, நம் பள்ளிச் சுவர்களில் எழுதும் வாசகங்களுக்கும் பொருந்தும்.

இவ்வளவும் செய்தபிறகும் சில இடங்களில் தொகையைக் கட்டுப்படுத்தியே தீர வேண்டியிருக்கிறது. அப்போது வேறொரு கேள்வி எழுகிறது: யாரைத் திருப்பி அனுப்புவது? கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கான கிராண்ட் கான்யனில் படகுப் பிரயாணம் செய்வோர் 1965-இல் சில நூறு பேரே. 1972-இல் அவர்கள் 16,000-க்கு மேலாயினர். ஆற்றங்கரை மணலில் கரியும் கழிவும் குவிந்தன. உடனே வருகைக்கு உச்சவரம்பு விதித்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில், நெருப்பை உலோகத் தட்டில்தான் மூட்ட வேண்டும், கழிவைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்ற விதிகளும் வந்தன. மணற்கரைகள் தூய்மை பெற்றன.

ஆனால் உச்சவரம்பின் பங்கீட்டில் ஒரு மனத்தாங்கல் வளர்ந்தது. கட்டணம் வாங்கிப் படகோட்டும் கம்பெனிகளிடம் பணம் கொடுத்தவர் விரைவில் ஆற்றில் இறங்கினார். சொந்தப் படகில் தாமே துடுப்பு வலித்துச் செல்ல விரும்பியவர் வரிசையில் காத்திருந்தார். அந்த வரிசை நீண்டு நீண்டு, பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கும் நிலை வந்தது. 2006-ஆம் ஆண்டில் வரிசையை ஒழித்துக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தனர். முன்பு வாய்ப்புப் பெறாதவர்க்கு அதில் கூடுதல் வாய்ப்பு அளித்தனர். கட்டணத்தை உயர்த்தினால் ஏழை விலக்கப்படுவான். வரிசை வைத்தால் முதியவன் காத்திருக்க முடியாது. கணினி வழியே முன்பதிவு என்றால் அதைக் கையாளத் தெரியாதவன் பின்தங்குவான். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவரை வாயிலில் நிறுத்துகிறது. அந்த ஒருவர் யார் என்பதை ஆராய்ந்து சொல்வதும் இத்துறையின் கடமைகளுள் ஒன்று.

சில வேளைகளில், ஆட்களைத் தடுக்காமல் வண்டிகளை மட்டும் தடுத்தாலே போதும். யூட்டா மாகாணத்து சீயான் பள்ளத்தாக்கில் 2000-ஆம் ஆண்டு முதல், கூட்டம் மிகுந்த பருவங்களில் சொந்த வண்டிகளை விலக்கிப் பொதுப் பேருந்துகளை ஓட்டினர். பள்ளத்தாக்கில் இரைச்சலும் நெரிசலும் குறைந்தன.

இந்தக் கேள்வி நம் தமிழ்நாட்டு மலைகளிலும் எழுந்துவிட்டது. கோடையில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஏறும் வண்டிகளின் கூட்டத்தைக் கண்டு, சென்னை உயர் நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் வண்டிகளுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று உத்தரவிட்டது. அம்மலைகளின் தாங்கும் திறனை ஆராயும் பொறுப்புச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்துக்கும் அளிக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில், நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் எனவும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 எனவும் வரம்பு விதிக்கப்பட்டது. உள்ளூர் வண்டிகளுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் விலக்கு அளிக்கப்பட்டது.

இவ்வெண்கள் மிகையா குறைவா என்று வாதிடுவது எளிது. ஆனால் நான் மேலே சொன்ன வரலாற்றை நினைவில் கொண்டால், வாதம் வேறிடத்தில் தொடங்க வேண்டும் என்பது விளங்கும். அம்மலைகளில் எதைக் காக்கப் போகிறோம்? சோலைக்காட்டையா, குடிநீரையா, நெரிசலில்லாத சாலையையா, வியாபாரம் செய்து பிழைக்கும் உள்ளூர் மக்களின் வாழ்வையா? இவற்றுள் எதற்கு எவ்வளவு என்று முடிவு செய்தபிறகே எண் பிறக்க வேண்டும். இந்தச் செயலால் இந்த விளைவு வரும் என்று விஞ்ஞானி சொல்லலாம். எந்த விளைவை ஏற்பது என்று சொல்ல வேண்டியவர்கள் அந்நிலத்தின் உடைமையாளராகிய குடிமக்கள். மாணவர்களாகிய நீங்களும் அவர்களுள் அடங்குவீர்கள்.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. உங்கள் ஊருக்கு அருகில் மக்கள் கூடும் குன்றோ அருவியோ கடற்கரையோ இருக்கும். அங்கே ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பாதையின் அகலத்தை நாடாவால் அளந்து எழுதுங்கள். ஒரே பாறையின்மேல் நின்று, ஒரே திசையைப் பார்த்து, ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் இதைச் செய்யுங்கள். வந்திருப்பவர் நால்வரோடு பேசுங்கள். முன்பு வந்துகொண்டிருந்து இப்போது வருவதை நிறுத்திவிட்ட ஒருவரையும் தேடிப்பிடித்துப் பேசுங்கள். ஐந்து ஆண்டுகள் சென்றபின் அந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால், அவ்விடத்தைப் பற்றி ஊரில் வேறெவரும் அறியாத செய்திகள் உங்களிடம் இருக்கும். அங்கே எத்தனை பேர் வரலாம் என்று ஊரார் கூடிப் பேசும் நாள் வருமானால், அந்த நோட்டுப் புத்தகத்தோடு நீங்கள் எழுந்து பேசலாம்.